பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் – கடிதம்

வணக்கம் ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். முன்பு மூன்று ஷிப்ட், இப்போது 12 மணி நேரம் வீதம் இரண்டே ஷிப்ட். போன மாதம் முழு நைட்டில், விடிகாலை நாலு மணிக்கு, பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் ஒரு தம்பிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ரிப்போர்ட் எழுதினேன். அதிலிருந்து மனம் உறுத்துகிறது. ஆனால் ஓ.டி. பணத்துக்காகப் பன்னிரண்டு மணி நேரம் கேட்பவர்களும் தொழிலாளர்கள்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தம்பிக்கு இ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊன உதவித்தொகை கிடைக்கக் கூடவே நின்று உதவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கார்டிங் மெஷினை ஆஃப் செய்தாலும் உள்ளே சுழலும் சிலிண்டர் உடனே நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு எடை, சுற்றிச் சுற்றி ஓய நேரமாகும். சுற்றிலும் மற்ற மெஷின்கள் ஓடும் சத்தத்தில் அது நின்றதா இல்லையா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. காத்திருந்துதான் மூடியைத் திறக்க வேண்டும். இது அந்தத் தம்பிக்குத் தெரியாதா? பகல் பத்து மணிக்குக் கேட்டிருந்தால் அவரே புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். விடிகாலை நாலு மணிக்கு உடல் சூடு தணிந்து கிடக்கும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும். மன உறுதியால் அதைத் தடுத்துவிட முடியாது. சிலிண்டர் நிற்கும்வரை மூடியைத் திறக்கவிடாத இன்டர்லாக் அன்று வேலை செய்ததா? நீங்கள் எழுதவில்லை. நாளைக்கே பாருங்கள்.

1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாப்ஹாம் சந்திப்பில் ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் வயரிங் வேலையில் ஒரு பழைய வயரை வெட்டாமல் விட்டிருந்தார் ஒரு டெக்னீஷியன்; அதனால் சிக்னல் தவறாகக் காட்டியது. அப்பட்டமான கவனக்குறைவு என்று ஃபைலை மூடியிருக்கலாம். விசாரணை அங்கே நிற்கவில்லை. அதற்கு முந்தைய 13 வாரங்களில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு என்பதையும், அவர் செய்த வேலையை யாரும் சரிபார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே பதிவுசெய்தது. அதன் பிறகுதான் அங்கே ரயில் பாதுகாப்பு வேலைகளுக்கு நேர வரம்பு வந்தது.

தொழிலாளர்களே கேட்கிறார்கள் என்பது உண்மைதான். எட்டு மணி நேரக் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்ட முடிந்தால் எத்தனை பேர் கேட்பார்கள்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்து நின்றவர்களும் தொழிலாளர்கள்தான். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அதோடு, களைத்துப்போனவருக்குத் தன் களைப்பின் அளவு தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியையும் நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடித்து, தகர ஷீட் கூரைக்குக் கீழே வெயிலில் புரண்டு, மதியம் இரண்டு மணிக்கு எழுந்துவிடும் ஒருவர் மறுநாள் காலை பைக்கை எடுக்கும்போது 18 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்குச் சமமாகக் குறைகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 வரைதான். பெண்கள் பாடு இன்னும் மோசம்: வீடு திரும்பியதும் சமையல், துணி துவைப்பது, அதன் பிறகுதான் தூக்கம்.

ஷிப்ட் முறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்று புரிகிறது. ஆனால் சில காரியங்கள் உங்கள் கையில் உண்டு. மெஷினில் அடைத்த பஞ்சை எடுக்கும் வேலையை மூன்று மணிக்கு மேல் ஒருவரிடம் தனியாக விடாதீர்கள். நடுராத்திரிக்குப் பிறகு அரை மணி நேரமாவது படுக்க இடம் கேளுங்கள். ரிப்போர்ட்டையும் திருத்தி எழுதுங்கள்: அது ஷிப்டின் எத்தனையாவது மணி நேரம், தொடர்ந்து எத்தனையாவது நைட், கடைசியாக வார லீவு எடுத்தது என்றைக்கு, இன்டர்லாக் எந்த நிலையில் இருந்தது. மேனேஜ்மென்ட் கேள்வி கேட்டால் உங்களிடம் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டுங்கள்.