ஆசியக் கோப்பையில் இந்தியா: வாசகர் கேள்விகளும் மாஷின் பதில்களும்

கத்தாரில் 2024 ஜனவரி 12 அன்று தொடங்கிய ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு, அப்போதைய இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் 26 பேரைத் தேர்ந்தெடுத்தார். போட்டி தொடங்கும் முன் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் நெடுங்காலம் நடுவராக இருந்த மாஷ் (ஆசிரியர்) அன்று அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): மாஷே, ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள், இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகுமா?

பதில்: போக வழி இருக்கிறது, ஆனால் அது ஒற்றையடிப் பாதை. 24 அணிகள் ஆறு பிரிவுகளில் ஆடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெறுபவையும், மூன்றாம் இடம் பெறும் ஆறு அணிகளில் சிறந்த நான்கும் முன்னேறும். நம் பிரிவில் ஆஸ்திரேலியா உலகத் தரவரிசையில் 25, உஸ்பெகிஸ்தான் 68, சிரியா 91, நாம் 102. ஆகவே, சிரியாவை வென்று மூன்றாம் இடத்தைப் பிடிப்பதே கைக்கெட்டும் இலக்கு என்று நினைக்கிறேன். மூன்றே புள்ளிகள் போதுமா என்று கேட்டால், 2019இல் வியட்நாமுக்குப் போதுமானதாக இருந்தது. அதே புள்ளிகளும் அதே கோல் கணக்கும் வைத்திருந்த லெபனான், மஞ்சள் அட்டைகளைக் கூடுதலாக வாங்கியிருந்த ஒரே காரணத்தால் வெளியேறியது. அதே ஆண்டு தாய்லாந்தை 4-1 என்று வென்ற நாமோ, பஹ்ரைனுக்கு எதிராக 90 நிமிடம் கடந்தபின் கொடுத்த ஒரு பெனால்டியால் பிரிவின் கடைசி இடத்துக்குப் போனோம். எனவே ஆஸ்திரேலியாவிடம் தோற்றாலும் எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்கிறோம் என்பது முக்கியம். 2011இல் அவர்கள் நமக்கு நான்கு கோல் போட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (வேலந்தாவளம்): 1964இல் இரண்டாம் இடம் பெற்ற நாடு இப்படிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறதே?

பதில்: அன்று ஆடியவை நான்கே அணிகள். தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்றோம், இஸ்ரேலிடம் தோற்றோம். பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைய அணியை அளக்க அது உதவாது.

கேள்வி (நல்லேப்பிள்ளி): காயத்தால் வராதவர்களில் யாருடைய இழப்பு பெரியது?

பதில்: ஆஷிக் குருணியன் இல்லாதது நம் பக்கத்து ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்வர் அலியும் ஜீக்சன் சிங்கும் இல்லாததே எனக்குக் கவலை தருகிறது. சந்தேஷ் ஜிங்கனுக்குப் பக்கத்தில் நின்று, பந்தைக் கண்மூடித்தனமாக உதைத்துத் தள்ளாமல் முன்னால் இருப்பவரின் காலுக்குக் கொடுக்கத் தெரிந்தவர் அன்வர். அந்த இருவருக்கும் முன்னால் அரணாக நின்றவர் ஜீக்சன். அவர்கள் இடத்தில் ஆடக்கூடிய ராகுல் பேக்கேயும் அபுயாவும் நல்ல ஆட்டக்காரர்களே; ஆனால் ஏறக்குறைய இரண்டு வாரப் பயிற்சியில் தடுப்பாட்டக்காரர் நான்கு பேர் ஒரே கோட்டில் நகரப் பழகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

கேள்வி (மீனாட்சிபுரம்): கேப்டன் சுனில் சேத்ரிக்கு 39 வயது. இன்னுமா அவரை நம்பியிருக்க வேண்டும்? வேறு ஆளே கிடையாதா, சார்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். சேத்ரி நாட்டுக்காக 93 கோல்கள் அடித்தவர். 2011, 2019 ஆகிய இரண்டு ஆசியக் கோப்பைகளிலும் தலா இரண்டு கோல்கள் போட்டவர். அவருக்கு அடுத்து ஒருவர் உருவாகாததற்குக் காரணத்தைத் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரில் கமுகுத் தடிகளைக் கட்டி எழுப்பிய கேலரியில் உட்கார்ந்து ஒரு செவன்ஸ் ஆட்டம் பாருங்கள்: கோல் முகத்தில் நிற்பவர் ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டவர், காலில் வேகம் உள்ள உள்ளூர்ப் பையன் ஓரக்கோட்டை ஒட்டி ஓடிப் பந்தை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகளும் இதைத்தான் செய்கின்றன. களத்தில் நான்கு வெளிநாட்டவர் வரை இறக்கலாம் என்னும்போது, எந்தப் பயிற்சியாளரும் முதலில் நிரப்புவது நடு முன்கள இடத்தைத்தான். அதனால் மன்வீர் சிங்கும் சாங்டேயும் ஆண்டு முழுவதும் பக்கவாட்டில் ஆடிவிட்டு, நாட்டுக்காக வரும்போது மட்டும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை வாங்கத் திணறுகிறார்கள். நவம்பரில் குவைத்தில் மன்வீர் போட்ட வெற்றி கோல் எனக்கு நம்பிக்கை தந்தது. ஐந்தே நாளில் புவனேஸ்வரத்தில் கத்தார் அதை 3-0 என்று கலைத்துவிட்டது.

கேள்வி (கோவிந்தாபுரம்): சகல், ராகுல் கே.பி. என்று கேரளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லையே, ஐயா?

பதில்: இல்லை. நந்தகுமார் சேகர் 2023இல்தான் இந்திய அணிக்கு வந்தார். டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் அடித்தவரும் அவரே. அவரை எடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி (கொல்லங்கோடு): எல்லா ஆட்டங்களிலும் வி.ஏ.ஆர். (காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறை) உண்டாமே, அதனால் நமக்கு லாபமா நஷ்டமா?

பதில்: நஷ்டத்துக்கே வாய்ப்பு அதிகம். ஐ.எஸ்.எல்.லில் அது கிடையாது. கார்னர் வரும்போது எதிராளியின் சட்டையைப் பிடித்து நிறுத்துவது நம் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். களத்தில் நடுவர் ஒருவரின் கண்ணுக்குத் தப்பியது காணொளிக்குத் தப்பாது. ஆஸ்திரேலியாவின் ஹாரி சௌட்டர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். அவரைப் பிடிக்காமல் தடுப்பது எப்படி என்று கேட்டுவிடாதீர்கள். கார்னரே கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): சிரியாவை வெல்ல முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: 2007 நேரு கோப்பை இறுதியாட்டத்தில் இடுக்கிக்காரரான என்.பி. பிரதீப் அடித்த ஒரே கோலில் அவர்களை வென்றோம். 2009 இறுதியில் பெனால்டி உதைகளில் வென்றோம். 2019இல் ஆமதாபாத்தில் 1-1. இப்போது அவர்களுக்கு எக்டர் கூப்பர் பயிற்சியாளர். தடுப்பை இறுக்கிக்கொண்டு காத்திருப்பது அவர் பாணி. அவர்களுடைய பெயர்பெற்ற முன்கள வீரர் ஓமர் அல் சோமாவை அவர் அணியில் சேர்க்கவில்லை என்பது நமக்கு நல்லது. ஆட்டம் ஜனவரி 23ஆம் தேதி நம் நேரப்படி மாலை 5 மணிக்கு. காயத்திலிருந்து தேறிவரும் சகல் அதற்குள் தயாரானால், அந்த இறுக்கமான தடுப்புக்கு நடுவே சேத்ரியின் காலுக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க ஒருவர் இருப்பார். அவர் இல்லையென்றால் 0-0 வரைதான் என்னால் நம்ப முடிகிறது. அந்த ஒரு புள்ளி நமக்குப் போதாது.