மூக்கில் பால் வடியும் குட்டிகள்: கிரகணமா, மாத்திரையா?

காங்கயம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் தோட்டத்து ராஜபாளையம் பொட்டை முதல் ஈத்தில் ஏழு குட்டி போட்டதுங்க. ஒரு குட்டிக்கு ஆசனவாயே இல்லை, வயிறு உப்பி மூணாம் நாள் செத்துப்போச்சு. ரெண்டு குட்டிக்குப் பால் குடித்தால் மூக்கில் வடிகிறது. நாலு நல்லா இருக்கு. சினையில் கிரகணம் பட்டுவிட்டது என்கிறார் மாமனார். கூடப்பிறந்த கடுவனோடு சேர்த்ததுதான் வினை என்கிறார் வீட்டுக்காரர். சினையான மூணாவது வாரம் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான். எதுங்க காரணம்?"

காரணம் அப்புறம். அந்த ரெண்டு குட்டிக்கும் பாலாடையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்க அம்மணி. கையைக் கழுவிக்கொண்டு, குட்டியை மடியில் போட்டு, வாயைத் திறந்து செல்போன் டார்ச்சை அடித்து மேலே பாருங்கள். நல்ல குட்டிக்கு அண்ணம் வரிவரியாக, இடைவெளி இல்லாமல் இருக்கும். இதுகளுக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல் தெரியும், உள்ளே தள்ளிப் பின்பக்கம் மட்டும் பிளந்திருந்தால் சட்டென்று கண்ணில் படாது, நாக்கை லேசாக அழுத்தினால்தான் தெரியும். அந்தப் பிளவு வழியாகப் பால் மூக்குக்கு ஏறும், புரை போய் நுரையீரலுக்கும் இறங்கும், அப்புறம் நிமோனியாதான்.

ட்யூப் போட்டு நேராக வயிற்றுக்குப் பால் விடலாம், ஆனால் டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகுதான். பிறந்த புதிதில் ரெண்டு மூணு மணிக்கொரு தடவை, ராத்திரியும் சேர்த்து. வெறும் பசும்பால் காணாது, நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட ரெண்டு மடங்கு இருக்கும், குட்டிகளுக்கென்றே விற்கிற பால் மாவு வாங்குங்கள். ஆபரேஷன் மூணு நாலு மாதம் ஆன பிறகுதான், அதிலும் ஒரே தடவையில் மூடிவிடும் என்று சொல்ல முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இவ்வளவும் நம்மால் ஆகாது, குட்டியும் திணறுகிறது என்றால், ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. தினமும் புரையேறிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாவம்.

சரி, கிரகணம். அன்றைக்கு உங்கள் ஊரில் சினையாக இருந்த எருமை, ஆடு எல்லாம் உதடு பிளந்தா ஈன்றன? மாமாவிடம் இதை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரை விஷயம் அப்படி இல்லை. நாய்க்குச் சினைக்காலம் 63 நாள் போல, அதில் அண்ணத்தின் ரெண்டு பாதியும் வந்து ஒட்டுவது நாலாவது வாரத்தில், 25-லிருந்து 28 நாளுக்குள். மூணாவது வாரம் ஆரம்பித்த மாத்திரை சரியாக அந்த நேரத்தில் உடம்பில் இருந்திருக்கும். அட்டையைத் தேடி எடுத்துப் பெயரைப் பாருங்கள். கிரிசியோஃபுல்வின் என்று இருந்தால், அது சினை நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கவே கூடாத மருந்து, அண்ணப் பிளவும் எலும்புக் கோளாறும் வரும். அரிப்புக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். தெம்புக்கு என்று மீன் எண்ணெயும் ஈரலும் அளவில்லாமல் கொடுத்து வைட்டமின் ஏ ஏறிப்போனாலும் குட்டிக்குக் கெடுதல். சினையில் எது கொடுப்பதானாலும் "நாய் சினையாக இருக்கு" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், பலரும் அதைத்தான் சொல்வதில்லை.

ஆனால் பழியை நீங்களே முழுசாகத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் குறைகள் பலவும் ரத்தத்தில் மறைந்து வரும், தாய்க்கும் தகப்பனுக்கும் வெளியில் ஒன்றும் தெரியாது, கூடப்பிறந்ததுகளைச் சேர்த்தால் மறைந்திருந்தது ரெண்டு பக்கமிருந்தும் வந்து கூடிவிடும். ஜாதி சுத்தமாக இருக்கணும் என்று ஒரே ஈத்துக்குள் சேர்க்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு. ஒரே ஈத்தில் அண்ணமும் ஆசனவாயும் கெட்டிருப்பதைப் பார்த்தால், மாத்திரை, சேர்க்கை ரெண்டையும் நான் சந்தேகப்படுவேன், எது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது.

மீதி நாலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொப்புளில் பட்டாணி போலப் புடைத்து, அழுத்தினால் உள்ளே போனால் அது குடலிறக்கம், சின்னதென்றால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. காது திறக்கவே ரெண்டு வாரம் ஆகும், அதனால் ஒரு மாதம் கழித்து, தூங்கும்போது பின்னாலிருந்து தட்டை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இந்த நாலையும் வளர்க்கக் கொடுங்கள், ஆனால் வாங்குகிறவரிடம் நடந்ததைச் சொல்லி, இணை சேர்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். பொட்டைக்குக் குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை செய்துவிடுங்கள், கடுவனையும் அதே நாளில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் செலவும் அலைச்சலும் மிச்சம்.