புத்தக மேசை: காதலும் ஜெபமும் ஒரே நாவலில்

லிங்கராஜபுரம் வாசகி: மகள் பி.காம். முதல் வருடம். ஆங்கிலக் காதல் நாவல்தான் படிப்பாள். சர்ச் தோழி ஒருத்தி ‘ரிடீமிங் லவ்’ கொடுத்திருக்கிறாள். கிறிஸ்தவ நாவல்தானே, நம்பிப் படிக்க விடலாமா?

படிக்கட்டும். ஆனால் முதல் ஐந்தாறு அத்தியாயத்தை நீங்கள் முன்னால் படித்துவிடுங்கள் அம்மா. ஃபிரான்சின் ரிவர்ஸ் இதில் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850-ஐ ஒட்டிய கலிபோர்னியாவுக்கு, எல்லோரும் தங்கம் தோண்ட ஓடிய காலத்துக்குக் கொண்டுபோகிறார். தன்னை விட்டுப் போன மனைவியைத் தீர்க்கதரிசி பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கிறாரே (ஓசியா 3:2), நாவல் முழுக்க அந்த ஒரு வசனத்தின் மேல்தான் நிற்கிறது. நாயகி எட்டு வயதில் விபசார விடுதிக்கு விற்கப்பட்டவள். அந்தப் பகுதிகளை ஆசிரியர் பூசி மெழுகவில்லை. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் தங்கைகள் கையில் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த நாவலுக்கு இரண்டு வடிவம் உண்டு. 1991-ல் பொதுவான பதிப்பகம் ஒன்று வெளியிட்டது முதல் வடிவம். 1997-ல் ஆசிரியரே திருத்தி, கிறிஸ்தவப் பதிப்பகத்தில் வந்தது அடுத்தது. வீட்டுக்கு இரண்டாவதே நல்லது. அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் ஆண்டைப் பாருங்கள்.

இதைவிட மென்மையான தொடக்கம் வேண்டுமானால் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979). கணவனைப் பறிகொடுத்த கர்ப்பிணிப் பெண் மார்ட்டி. தாயில்லாத மகளோடு இருக்கும் கிளார்க். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகவே கல்யாணம். வசந்தத்தில் கிழக்கே போகும் வண்டியில் அவள் ஊர் திரும்பப் பணம் தருவதாக வாக்கு. வண்டி வருகிற நாள் நெருங்க நெருங்க என்ன ஆகிறது என்பதே கதை. முத்தக் காட்சிக்காகப் படிப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பேச்சு, கிராமத்து ஆங்கிலத்தில் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கும். ‘ஃபார்’ என்பது ‘ஃபெர்’ ஆகிவிடும். கண்ணால் படித்தால் இடறும், நாலு பக்கம் வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

அல்சூர் வாசகர்: ‘பென்-ஹர்’ மூன்று முறை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். படத்தில் இருந்த வேகம் புத்தகத்தில் இல்லையே?

நீங்கள் நின்றது முதல் பாகத்தில்தான் இருக்கும் சார். 1880-ல் லூ வாலஸ் எழுதிய இந்த நாவலுக்கு எட்டுப் பாகம். முதல் பாகம் முழுக்க சாஸ்திரிகளின் பயணமும் பெத்லகேமும்; நாயகன் யூதா தலைகாட்டுவதே இரண்டாம் பாகத்தில். ரதப் பந்தயம் ஐந்தில். ஆகவே இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள். முதல் பாகத்தை டிசம்பருக்கு வைத்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் வாசிப்பாகவே ஆகிவிடும். சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். வெட்டுவதற்கு முதலில் கிடைப்பது காதல் பகுதிதான். அந்தச் சாஸ்திரிகளில் ஒருவரான பல்தசாரின் மகள் ஐராஸ் யூதாவை மயக்கப் பார்க்கிறாள். 1959 படத்தில் அவளே இல்லை. அவள் இல்லாவிட்டால், யூதாவை நேசித்துக் காத்திருக்கும் எஸ்தரின் பொறுமைக்கு எடை ஏது?

காதலும் ரோமாபுரியும் சமமாக வேண்டுமென்றால் சியன்கியவிச்சின் ‘குவோ வாடிஸ்’ இதைவிட ஒரு படி மேல். நாயகன் வினிசியஸ் தொடக்கத்தில் நல்லவனே அல்ல. கிறிஸ்தவப் பெண் லிஜியாவை ஆள் வைத்துப் பிடித்துவரப் பார்க்கிறான். அவன் மாறுவது ஒரு பிரசங்கத்தில் அல்ல, அங்குலம் அங்குலமாக. 1896-ல் வந்த ஜெரமையா கர்ட்டினின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். ஆனால் பழைய பைபிள் ஆங்கிலம் போல முறுக்கிக்கொண்டிருக்கும். காசு கொடுக்க மனமிருந்தால் 1993-ல் வந்த குனிசாக் மொழிபெயர்ப்பை வாங்குங்கள்.

காக்ஸ் டவுன் வாசகி: சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் ‘ஆன் எக்கோ இன் த டார்க்னெஸ்’ கிடைத்தது. இதையே முதலில் படிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘மார்க் ஆஃப் த லயன்’ வரிசையில் இரண்டாவது. முதலாவது ‘எ வாய்ஸ் இன் த விண்ட்’ (1993). எருசலேம் விழுந்த கி.பி. 70-ல் அடிமையாக ரோமுக்குப் போகும் அத்சாள் என்ற பெண்ணின் கதை, நெஞ்சு நிற்கிற இடத்தில் முடியும். இரண்டாம் புத்தகம் பிரித்த சில பக்கங்களிலேயே அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். மூன்றாவது, ‘அஸ் ஷூர் அஸ் த டான்’, வாள்வீரன் அத்ரெட்டஸின் கதை. அதை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் ஒன்றும் கெடாது.

கே.ஆர்.புரம் பெண்கள் ஐக்கியத்திலிருந்து: மாதம் ஒரு நாவல் படித்துப் பேச நினைக்கிறோம். பாதிப் பேருக்குத் தமிழ்தான் வசதி. வேதாகமச் சரித்திரமும் வேண்டும்.

தமிழுக்கு யோசிக்கவே வேண்டாம்: ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. குமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பம். பெரிய வீட்டுப் பேத்தி லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கிறார்கள். அந்த அடைப்புக்குள்தான் காதல் வளர்கிறது. கோயிலுக்குப் போகும் குடும்பத்திலும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் குரல் உயர்த்தாமல் காட்டுவார். சிறிய நாவல், இரண்டு வாரம் தாராளம். குமரி மாவட்டப் பேச்சு தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரையாடல் முதலில் பிடிபடாது.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு லின் ஆஸ்டினின் எசேக்கியா ராஜா வரிசை. ஐந்து புத்தகம், முதலாவது ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’. படிக்கும் முன் 2 இராஜாக்கள் 16-ஆம் அதிகாரத்தையும், 18 முதல் 20 வரையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சனகெரிப் யார், எசேக்கியாவின் தகப்பன் ஆகாஸ் என்ன செய்தான் என்று பாதி நேரம் அதிலேயே போய்விடும். ராஜாவின் மனைவியைப் பற்றி வேதத்தில் இருப்பது 21-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஒரு பெயர் மட்டும். அந்தப் பெயரிலிருந்தே ஆஸ்டின் ஒரு முழுப் பெண்ணை எழுப்புகிறார். அந்தப் பெயர் எப்சிபாள். ஆங்கிலத்தில் ஹெப்சிபா.