இக்மான் மலையின் தாவுமேடை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ பற்றிய உங்கள் கட்டுரையில், பக்கத்து இக்மான் மலையின் ஸ்கீ ஜம்பிங் மேடையைப் பற்றி (ஸ்கீ கட்டிக்கொண்டு பனிச்சரிவில் வேகமாக இறங்கிக் காற்றில் பறக்கும் விளையாட்டு) இரண்டு வரி வந்தது. படங்களைத் தேடிப் பார்த்தேன். குண்டு துளைத்த கோபுரம், அதன்மேல் ஒலிம்பிக் வளையங்கள். மனசு கனத்துவிட்டது. அதை மறுபடியும் கட்டுவதுதானே நியாயம்? இல்லை, போரின் நினைவாக அப்படியே விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் பெரிய மேடையிலிருந்து தொடங்கக் கூடாது.

1984 பிப்ரவரியில் சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்குக்காக அங்கே இரண்டு மேடைகளில் போட்டி நடந்தது. சின்ன மேடையில் கிழக்கு ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃப்ளோக் தங்கம் வாங்கினார், ஃபின்லாந்தின் மத்தி நிக்கானென் வெள்ளி. ஆறு நாள் கழித்துப் பெரிய மேடையில் நிக்கானென் 116 மீட்டரும் 111 மீட்டரும் பறந்து, வைஸ்ஃப்ளோக்கை 17.5 புள்ளி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளினார் (தூரத்துக்கும் தாவும் பாணிக்கும் சேர்த்துத் தருவது புள்ளி). அரை மீட்டரில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது. அந்த இடைவெளியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

எட்டே வருடத்தில், யூகோஸ்லாவியா உடைந்தபோது, போஸ்னியாவில் போர். முற்றுகையில் சிக்கிய சரயேவோவுக்குத் தரைவழி என்று மிச்சமிருந்தது இக்மான் மலைப்பாதைதான். அதனால் மலையே போர்முனை ஆனது. நீங்கள் படத்தில் பார்த்தது நடுவர்கள் உட்கார்ந்து புள்ளி போட்ட கோபுரம்.

ஆனால் அந்த மேடை வெறிச்சோடிக் கிடப்பதற்குக் குண்டுகள் மட்டும் காரணமில்லை. 1984இல் யூகோஸ்லாவியாவுக்காகத் தாவியவர்கள் ஸ்லோவேனியர்கள். நாடு உடைந்தபோது வீரர்கள் ஸ்லோவேனியாவின் பக்கம் போனார்கள், மேடை போஸ்னியாவில் தங்கிவிட்டது. இத்தாலியின் பிரஜெலாட்டோவைப் பாருங்கள். 2006 டுரின் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய தாவுமேடைகள் அங்கே எந்தப் போரும் இல்லாமலே பயனற்றுப் போயின.

பிளானிட்சாவின் கதை வேறு. 1936இல் ஆஸ்திரிய வீரர் செப் பிராட்ல் உலகிலேயே முதல் ஆளாக 100 மீட்டரைத் தாண்டியது ஸ்லோவேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்தான். அந்தப் பழைய மேடை 2001இல் சரிந்து விழுந்தது. 2012இல் புதிதாகக் கட்டினார்கள், 2023இல் உலக சாம்பியன்ஷிப்பே அங்கு நடந்தது. மேடை இடிந்து கிடந்த காலத்திலும் ஊர் ஊராக இருந்த கிளப்புகளில் பிள்ளைகள் தாவிக்கொண்டேதான் இருந்தார்கள். கட்டி முடித்ததும் தாவுவதற்கு ஆள் தயார்.

இக்மானுக்கு இல்லாதது இதுதான். ஏழெட்டு வயதுப் பிள்ளை பத்துப் பதினைந்து மீட்டர் தாவும் மேடையில் ஆரம்பித்துப் பெரிய மேடைக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். அதனால் முதலில் இரண்டு மூன்று குட்டி மேடைகள், கூடவே நல்ல பயிற்சியாளர்கள். பனிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்: பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் கோடையிலும் தாவலாம். எப்படியும் பழைய பெரிய மேடையை அப்படியே புதுப்பித்துப் பயனில்லை. அது ஸ்கீக்களை இணையாக வைத்துத் தாவிய காலத்து மேடை. இப்போது எல்லாரும் வி வடிவில் விரித்துப் பறக்கிறார்கள், சரிவின் வடிவமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

நினைவுச் சின்னம் என்கிறீர்களே, அதற்கு அந்தக் கோபுரம் போதும். அதில் சுண்ணாம்பு பூசாமல், துளைகளை அடைக்காமல் விட்டுவிடலாம். பிள்ளைகளின் மேடை பக்கத்திலேயே வரட்டும்.