புல்லைப் பெயர்த்து வைத்தால் அப்படியே இருக்குமா?

கேள்வி: சர்ஜாபூர் ரோடு பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால், ஏரியை ஒட்டி ஒரு ஏக்கர் புல்லும் சேறுமாக இருக்கிறது. அதன் வழியாக சாலை வரப்போகிறது. மண்ணோடு வெட்டி எடுத்து அடுத்த ஏரிக்கரையில் பதித்துவிடலாம், ஒன்றும் மாறாது என்கிறார் கான்ட்ராக்டர். சங்கமும் பங்கு போட வேண்டுமாம். போடலாமா?

அவசரப்பட்டுப் போடாதீர்கள். பதித்த புல் பெரும்பாலும் சாகாது, அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் பேசுகிறார்கள். ஜூலையில் பதித்து அக்டோபரில் போட்டோ எடுத்தால், பெங்களூர் மழைக்கு எந்த மண்ணும் பச்சையாகத்தான் தெரியும். எந்தச் செடி தங்கியது, எது போனது என்று பார்க்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் பில் பாஸாகியிருக்கும்.

மண்ணை வெட்டிப் புரட்டும்போது காற்று உள்ளே போகிறது, அறுந்த வேர்கள் மக்குகின்றன, அடைந்துகிடந்த தழைச்சத்து ஒரேயடியாக வெளிவருகிறது. வயல் என்றால் சந்தோஷப்படலாம். இங்கே அதுதான் வினை. சத்தில்லாத ஈரமண்ணில் பூச்சி பிடித்துப் பிழைக்கும் அழுகண்ணி மாதிரிச் சின்னச் செடிகள், சத்தைத் தின்று மளமளவென்று உயரும் முரட்டுப் புல்லின் நிழலில் காணாமல் போகும். துண்டுகளுக்கு இடையே விடும் இடுக்கில் பார்த்தீனியம் முளைக்கும், அதை யாரும் நடவே வேண்டாம்.

ஈரப் பகுதிக்குத் தண்ணீர் மட்டம்தான் உயிர். புது இடம் ஒரு சாண் மேடோ பள்ளமோ ஆனாலே கோரை இருந்த இடத்தில் வேறு செடி வந்துவிடும். பழைய ஏரிகள் கோடையில் வற்றும், சேற்றுச் செடிகளின் விதை அப்போதுதான் முளைக்கும். இன்றைக்கு நம் ஊர்க் 'கெரே'கள் (கன்னடத்தில் ஏரி) பலவற்றில் வருடம் முழுக்கச் சாக்கடை நீர் நிற்கிறது. அங்கே கொண்டுபோய்ப் பதித்தால் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது சம்புப் புல்லும் ஆகாயத்தாமரையும்தான்.

இங்கிலாந்தில் டர்ஹம் பக்கம் திரிஸ்லிங்டன் என்ற இடத்தில், 1980களில் குவாரிக்காக ஒரு சுண்ணாம்புப் புல்வெளியையே பெரிய பெரிய துண்டுகளாகப் பெயர்த்து மாற்றினார்கள். அத்தனை அனுபவத்துக்குப் பிறகும், இருந்த இடத்தில் காப்பதற்கு இது மாற்று ஆகாது என்பதுதான் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலைப்பாடு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதே ஏரி, அதே மட்டம், அதே தண்ணீர் என்றால், கோடையில் வற்றிய கரையோர வண்டலை மேலாகச் சுரண்டி நூறடி தள்ளிப் பரப்பலாம். அதில் ஒரு பருவச் செடிகளின் விதை தூங்கிக்கொண்டிருக்கும், மழை வந்ததும் நிறைய முளைக்கும். மேலாக என்றால் மேலாகத்தான், ஜேசிபி விட்டு மூன்றடி தோண்டினால் விதை அடியில் புதைந்துவிடும். வேறு ஏரி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் கான்ட்ராக்டர் சொல்வது வேறு ஏரி.

அப்புறம் இந்த 'கன்சல்டன்ட்' கூட்டம். தொண்ணூறு சதவீதம் பிழைத்தது என்று எழுதித் தருவார்கள். எது பிழைத்தது என்று கேளுங்கள், பதில் வராது. ஒரு ஏரியில் நானே பார்த்தேன். செம்மண்ணும் சாண எருவும் கொட்டி, இடைவெளியில் லான் புல்லைச் சொருகி, 'இயற்கைப் புல்வெளி' என்று போர்டு வைத்திருந்தார்கள். எரு போட்டாலே வேலை கெட்டது என்று சொன்னேன், என்னை ஏதோ பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள்.

புகார் கொடுக்கலாம் என்றால் யாரிடம்? 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் மரத்தைத்தான் காக்கிறது. புல்வெளி அரசுக் காகிதத்தில் பெரும்பாலும் தரிசு. புல்வெளிக்கு ஈடாக அதிகாரிகளே மரம் நடச் சொல்லும் கூத்தும் நடக்கிறது.

முதலில் சாலையைக் கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியவே முடியாது என்றால், வெட்டும் முன் மழை முடிந்ததும் தாவரவியல் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒரு மீட்டர் சதுரங்கள் சில குறித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன செடி என்று எழுதி வையுங்கள். பதித்த பிறகு வருடா வருடம் அதே மாதத்தில் மறுபடி எண்ண வேண்டும், மாடு மேய்வதோ புல் அறுப்பதோ முன்பு நடந்த மாதிரியே நடக்க வேண்டும். பாதிப் பணம் மூன்றாம் வருடக் கணக்கைப் பார்த்த பிறகுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மாட்டார், பாருங்கள்.