ஒன்பதரை மணி மீற்றிங்

அன்புள்ள அக்கா,

வவுனியாவைச் சேர்ந்தவன். வயது 28. வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். சொஃப்ட்வெயர் கம்பனி ஒன்றில் ஐந்து வருட வேலை. கிளையண்ட் கலிபோர்னியா என்பதால் தினமும் இரவு ஒன்பதரைக்கு மீற்றிங். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது. கூடப் படித்தவன் டொலரில் சம்பளம் எடுக்கிறான். எனக்கு ரூபாய், அதிலும் வரி. அம்மாவின் காணியை ஈடு வைத்து லண்டனில் மாஸ்டர்ஸ் செய்யவா, கம்பனி மாறவா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

முதலில் ஏச்சு. நெஞ்சு படபடப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. நாளைக்கே டொக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.

வரி பற்றி அழுதிருக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் உழைப்பவருக்குத்தான் அந்த அழுகை. சரி, அதை விடுவோம். நண்பனின் டொலரையும் விடுவோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது அவருக்கு அடித்தது அதிர்ஷ்டம். அதைப் பார்த்து இன்னும் வயிறு எரிவதில் என்ன பிரயோசனம்?

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒன்பதரை மணிதான். எங்கள் மேல்மாடியில் ஒரு பிள்ளை இருக்கிறாள், உங்கள் வயதுதான். இரவு பதினொன்றுக்கும் பல்கனியில் நின்று "கேன் யூ ஹியர் மீ" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே தாய் சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு ரீவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தாயை லிஃப்டில் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நமக்கு இரவு ஒன்பதரை என்றால் கலிபோர்னியாவில் காலை ஒன்பது. முதல் கோப்பியோடு வந்து உட்காருகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அவர்களுக்கு அப்போதும் ஒன்பதுதான், உங்களுக்குப் பத்தரை. மார்ச் வரைக்கும் அப்படியே. உங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்காமல் நேரத்தை மாற்றுவது நமக்குப் பழக்கம்தான். 1996 மே மாதம், மழையில்லாமல் நீர்மின் நிலையங்கள் படுத்தபோது, அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவேயில்லை. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டும். நேரம் கேட்டால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்போம். எங்கள் அம்மா சுவர் மணிக்கூட்டில் கையே வைக்கவில்லை. ராகுகாலம் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவின் சொல் கேட்டு நகராது என்பது அவரது கட்சி. ஒபிசுக்கு ஒரு நேரம், அடுப்படிக்கு ஒரு நேரம் என்று அத்தனை வருடமும் வீட்டை நடத்தினார்.

அந்த மூன்று மாற்றங்களும் உங்கள் லப்டொப்பின் நேர வலயக் கோப்பில் ஏசியா/கொழும்பு என்ற பெயரின் கீழ் இன்னும் இருக்கின்றன, தெரிந்திருக்கும். கலிபோர்னியாவுக்கும் அப்படியொரு பதிவு இருப்பதால்தான் நவம்பரில் கலண்டர் தன்பாட்டில் பத்தரைக்குத் தாவுகிறது. இயந்திரம் மறுபேச்சுப் பேசாது. நீங்களுமா?

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம், அதுதான் ஓ.டி. பொறியியலாளர் என்று கார்டில் போட்டதும் ஓ.டி. கேட்பது கௌரவக் குறைச்சலாகிவிட்டது! இரவில் காலி வீதியில் ஓட்டோக்காரர் கூட்டிக் கேட்கும் காசைக் கொடுக்கிறீர்கள்தானே? இரவுக்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தனியாகப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். பக்கத்து மேசைச் சிங்களப் பெடியனுக்கும் அதே நித்திரைதான் கெடுகிறது. ரீமாகச் சேர்ந்து மெயில் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு மீற்றிங் போதும், மற்ற நாட்களில் எழுதி அனுப்புகிறோம் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முறை வையுங்கள்: ஒரு வாரம் நம்முடைய இரவு, மறு வாரம் நமக்குக் காலை ஏழரை. அவர்களுக்கு அப்போது முந்தின நாள் பின்னேரம் ஏழு, பிள்ளைகளோடு சாப்பிடுகிற நேரம் என்பார்கள். உங்களுக்கும் சாப்பாடு உண்டு என்று அப்போது சொல்லலாம்.

கம்பனி மாறுவதென்றால் சம்பளத்துக்கு முன் கிளையண்ட் எந்த நாடு என்று கேளுங்கள். லண்டனின் காலை ஒன்பது நமக்கு மத்தியானம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. சிட்னியின் ஒன்பது நமக்கு விடியப்புறம் நாலரை, அவர்களுடைய கோடையில் மூன்றரை. இன்டர்வியூவில் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் அந்த மாஸ்டர்ஸ். மொறட்டுவையிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஆசை இருந்தால். எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. நித்திரை கொள்வதற்காக லண்டன் போகிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். காணியை ஈடு வைக்க வேண்டாம். அம்மாவிடம் கேட்டதாகவும் கடிதத்தில் இல்லை.

அன்புடன்,
அக்கா