கப்பல் பயணம்: விளம்பர விலை வேறு, கட்டும் விலை வேறு

கேள்வி: கொச்சியிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலுக்குத் தலைக்கு 20,000 ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம் என்று விளம்பரம் பார்த்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஏஜென்ட் 70,000-க்கு மேல் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (மார்த்தாண்டம்)

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. ‘இலவசம்’ என்பது பெரும்பாலும் கேபின் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணம், கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகை, ஜிஎஸ்டி மூன்றும் பிள்ளைகளுக்கும் விழும். 20,000 என்பதும் ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு, கூட்டம் குறைந்த தேதிக்குப் போட்ட விலையாக இருக்கும்.

கேபின், துறைமுகம், டிப்ஸ், வரி, ஏஜென்ட் கட்டணம் என்று ஐந்தையும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பிறகு அதே தேதியையும் கேபின் வகையையும் கப்பல் கம்பெனி இணையதளத்தில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கே வரும் கடைசித் தொகையோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். ஏஜென்ட்டுக்குக் கம்பெனியே கமிஷன் கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் தனியாகக் கேட்டால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

கோடை விடுமுறை, ஓணம், கிறிஸ்துமஸ் நாட்களையும் வார இறுதியையும் விட்டுவிட்டால் விலை நன்றாக இறங்கும். பகல் முழுக்க மேல்தளத்தில் இருக்கப் போகிறவர்களுக்கு பால்கனி கேபின் வீண் செலவு. கடைசி நேரத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது இரண்டு பேராகப் போகிறவர்களுக்குச் சரிப்படும், உங்களுக்கு ஆகாது. நாலு பேர் படுக்கும் கேபின்கள் கப்பலில் குறைவு. அவைதான் முதலில் தீரும். அது கிடைக்காமல் இரண்டு கேபின் எடுக்க நேர்ந்தால் ‘பிள்ளைகள் இலவசம்’ சலுகையும் கையை விட்டுப் போகலாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பலுக்கு 1,20,000 ரூபாய் அளவில் ஆகும். கிரெடிட் கார்டில் கட்டினால் பாயின்ட் லாபம்தானே? (நாகர்கோவில்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 காசு என்று வைத்தால் 3,200 பாயின்ட் சேரும். அதன் மதிப்பு 800 ரூபாய். சிங்கப்பூர் டாலரில் கட்டும்போது கார்டு 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடித்தால் 4,200 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 756. ஆக 4,956 கொடுத்து 800 வாங்குகிறீர்கள்! இந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் பாயின்ட் குறைந்தாலும் அதில் கட்டுவதே மேல். ‘இந்திய ரூபாயில் கட்டலாமா’ என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். அந்த மாற்று விலை பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

இன்னொரு ஓட்டை: ஏஜென்ட்டுக்கு ஜிபே-யில் பணம் அனுப்பி, அவர் தன் கார்டில் புக் செய்தால் பாயின்ட் அவருக்குப் போகும். இஎம்ஐ-யாக மாற்றினாலும் பல கார்டுகள் பாயின்ட் தருவதில்லை. இந்திய ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் பிடிக்கும் டிசிஎஸ் (ஏஜென்ட் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வரி) மட்டும் நஷ்டக் கணக்கில் வராது. பான் எண் கொடுத்திருந்தால் வருமானவரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

கப்பலில் செலவுக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். இறங்கிய பிறகும் அது விடுபடச் சில நாளாகும்.

கேள்வி: துபாயிலிருக்கும் மகன் பணம் கட்டி எங்களை அனுப்புகிறான். பாயின்ட் யாருக்கு? (கருங்கல்)

பதில்: கார்டு பாயின்ட் மகனுக்கு. கப்பல் கம்பெனியின் உறுப்பினர் பாயின்ட் பயணம் செய்கிற உங்களுக்கு. ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட், சூட் அறை என்றால் இரண்டு. சேரக் கட்டணம் கிடையாது. உறுப்பினர் எண் இருந்தால் புக் செய்யும்போதே போட்டுவிடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில். ‘ஆன்போர்டு கிரெடிட்’ (கப்பலில் செலவழிக்கக் கணக்கில் வைக்கும் சலுகைத் தொகை) கிடைத்தால் கப்பலிலேயே செலவழித்து முடியுங்கள். மிச்சம் பெரும்பாலும் பணமாகத் திரும்பாது.

கேள்வி: கொச்சிக்குப் புறப்படும் நாளன்றே ரயிலில் போனால் போதுமா? (குழித்துறை)

பதில்: வேண்டாம். எர்ணாகுளத்துக்கு ஆறேழு மணி நேரம், ரயில் தாமதமானால் இன்னும் கூடும். கப்பல் கிளம்புவதற்கு முன்பே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள், பணமும் திரும்பாது. முந்தின நாளே போய் ஓர் இரவு தங்குங்கள்.

கேள்வி: புக் செய்தபின் விலை குறைந்துவிட்டது. ஏஜென்ட் கண்டுகொள்ளவில்லை. (தக்கலை)

பதில்: முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன் என்றால், புதிய விலைக்கு மாற்றித்தரப் பல கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். நீங்கள்தான் கேட்க வேண்டும், தானாக நடக்காது. ரத்துசெய்து மறுபடி புக் செய்யும் முன் ரத்துக் கட்டணத்தைப் பாருங்கள். விலை குறைந்தது மட்டும் வழக்குக்குக் காரணம் ஆகாது. சொன்ன கேபினைத் தராமல் விட்டாலோ, தர வேண்டிய பணத்தைப் பிடித்துவைத்தாலோ முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள்.